சாம்பல் கோழிக்குக் கறுப்புக் குஞ்சு பிறப்பது ஏன்?

கேள்வி: சாம்பல் நிறச் சேவல் ஒன்றும் அதே நிறத்தில் மூன்று பெட்டைகளும் வைத்திருக்கிறேன். இந்த முறை பொரித்த 12 குஞ்சுகளில் 6தான் சாம்பல். 4 கறுப்பு. மீதி 2 அழுக்கு வெள்ளையாகப் பிறந்தன. வளர வளர அவற்றில் சாம்பல் திட்டுகள் வருகின்றன. விற்றவர் கலப்புக் கோழியைக் கொடுத்துவிட்டாரா? எல்லாக் குஞ்சும் சாம்பலாக வர என்ன செய்வது?

பதில்: விற்றவர் மேல் சந்தேகம் வேண்டாம். இந்த ஜோடிக்குப் பிறக்க வேண்டிய குஞ்சுகள்தான் பிறந்திருக்கின்றன.

வளர்ப்பவர்கள் ‘புளூ’ என்று சொல்லும் இந்தச் சாம்பல் தனி நிறமே அல்ல, நீர்த்துப்போன கறுப்பு. கறுப்பை வெளுக்க வைக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு குஞ்சும் இரண்டு பிரதிகளை வாங்கிக்கொள்கிறது. இரண்டில் எதுவும் வெளுக்கும் பிரதி இல்லையென்றால் குஞ்சு கறுப்பு. ஒன்று மட்டும் இருந்தால் சாம்பல். இரண்டுமே அதுவானால் வெள்ளை உடம்பில் அங்கங்கே சாம்பல் திட்டு. இதற்கு ‘ஸ்பிளாஷ்’ என்று பெயர்.

அதாவது, உங்கள் சாம்பல் கோழி ஒவ்வொன்றும் பாதி கறுப்பைத் தனக்குள் வைத்திருக்கிறது. சாம்பலோடு சாம்பல் சேர்ந்தால் நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு சாம்பல், ஒன்று ஸ்பிளாஷ். 12க்குக் கணக்கு 3, 6, 3. உங்களுக்கு வந்தது 4, 6, 2. காசு சுண்டுவதுபோலத்தான் இது. 12 குஞ்சில் ஒரு கறுப்புகூட வராமல் போகவும் 100க்கு 3 தடவை வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட ஒரு அடையைப் பார்த்துவிட்டு ‘என் கோழி சுத்த சாம்பல்’ என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். எத்தனை தலைமுறை சாம்பலாகவே பார்த்துச் சேர்த்தாலும் இந்த நிறம் நிலைக்காது.

நீங்கள் கழித்துவிட நினைக்கும் அந்த ஸ்பிளாஷ் குஞ்சுகளில்தான் உங்கள் விடை இருக்கிறது. தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். ஸ்பிளாஷ் எந்தக் குஞ்சுக்கும் வெளுக்கும் பிரதியை மட்டுமே கொடுக்கும்; கறுப்பு ஒருபோதும் அதைக் கொடுக்காது. இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சு அத்தனையும் சாம்பல். எது சேவல், எது பெட்டை என்பதும் பொருட்டல்ல. கறுப்பில் மட்டும் கவனமாக இருங்கள்: கழுத்தில் செம்பொன் இறகு இல்லாத பறவையாகத் தேடுங்கள். வெளுக்கும் மரபணு கறுப்பு நிறமியைத்தான் தொடும், சிவப்பை விட்டுவிடும். கறுப்புக் கோழியில் லேசாகத் தெரிந்த செம்மை, சாம்பல் குஞ்சின் கழுத்தில் பளிச்சென்று தெரியும்.

ஜோடி சேர்ப்பதில் ஆண், பெண் முக்கியமாவது வரிக்கோழியில். வரிப் பெட்டையைக் கறுப்புச் சேவலோடு சேர்த்தால் ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் வரி வரும். பெட்டைக் குஞ்சுகள் வரியில்லாத கறுப்பு. வரிக்கான மரபணு, குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. தாய் அதை மகனுக்கு மட்டுமே தருகிறாள். பொரித்த அன்றே இந்த ஜோடியின் குஞ்சுகளின் தலை உச்சியைப் பாருங்கள்: வெளிர்ப் பொட்டு இருந்தால் அது சேவல். வயிற்றடியில் உள்ள வெள்ளையை நம்பாதீர்கள், அது இரண்டுக்கும் இருக்கும்.

சாம்பல்போலத் தெரியும் இன்னொரு நிறம் லாவெண்டர். புளூ இறகின் ஓரத்தில் கருங்கோடு ஓடும், சேவலின் கழுத்தும் முதுகும் கருத்திருக்கும்; லாவெண்டர் உடம்பு முழுக்க ஒரே சீராக இருக்கும். லாவெண்டரோடு லாவெண்டர் சேர்ந்தால் எல்லாமே லாவெண்டர்தான். உங்களுக்குக் கறுப்பும் ஸ்பிளாஷும் வந்ததால் உங்களுடையது புளூவேதான்.

புது ஜோடி போட்டவுடன் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம்கூடத் தங்கும். பழைய சேவலைப் பிரித்து மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளை மட்டும் எடுத்து, தேதியைப் பென்சிலால் ஓட்டிலேயே எழுதி வையுங்கள்.