கடைசி ஐம்பது மீட்டர்

அன்புள்ள ஐயா,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே நீச்சல். இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃப்ளையில், 200 மீட்டருக்கு என் நேரம் 2 நிமிடம் 40 விநாடி. ஒரு வருடமாக அதிலேயே நிற்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட் கிடைத்தால் போதும் என்கிறார் அப்பா. ஒலிம்பிக்கை மனதில் வை என்கிறார் கோச். எனக்கோ காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கவே மனசு வரவில்லை. நான் எதை இலக்காக வைத்துக்கொள்வது?

ச.

அன்புள்ள ச.,

உடல்வாகு மாறும் வயதில் பெண்களுக்கு நேரம் கொஞ்ச காலம் நகராமல் நிற்பது நீச்சலில் சகஜம். ஆர்வம் குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நேரம் நின்றதால் ஆர்வம் வடிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்பா சொல்வதும் கோச் சொல்வதும் நல்லதுக்குத்தான். ஆனால் சீட் கொடுப்பது யாரோ, பதக்கம் பக்கத்து லேனில் நீந்துபவரைப் பொறுத்தது. உங்கள் கையில் இருப்பது உங்கள் நேரம்தான். பிரிட்டனின் ஆடம் பீட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 57.13 விநாடியில் தங்கம் வாங்கினார், அன்றைய உலக சாதனையும் அதுதான். அப்புறம் அவர் வைத்துக்கொண்ட இலக்கு, 57 விநாடிக்குள் நீந்துவது. அதுவரை யாரும் தொடாத நேரம். 2019இல் குவாங்ஜு உலகப் போட்டியில் 56.88 விநாடியில் நீந்திவிட்டார்.

நம் நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் நீந்துவதும் உங்களைப் போல 200 மீட்டர் பட்டர்ஃப்ளைதான். ரியோவுக்குப் போய் வந்தவர், பிறகு கழுத்துக் காயத்தோடு போராடினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெறத் தேவையான 'ஏ' தகுதி நேரம் 1:56.48. 2021 ஜூனில் ரோமில் அவர் நீந்தியது 1:56.38. அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். அத்தனை வருட உழைப்பு பத்தில் ஒரு விநாடியில் பலித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் தனித்தனியாக நேரம் குறிக்கச் சொல்லுங்கள். 33, 39, 43, 45 என்று வருகிறதென்று வைத்துக்கொள்வோம். தோள் கனத்து, கை தண்ணீரை விட்டு எழ மறுக்கும் அந்தக் கடைசி ஐம்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. இந்த வருடம் அங்கே மூன்று விநாடியைக் குறையுங்கள். காலேஜ் இரண்டாம் வருடத்துக்குள் 2:30.

நாளைக் காலை இதை மட்டும் பாருங்கள்: சுவரை உதைத்தபின் 15 மீட்டர் வரை நீருக்கடியில் போக விதி இடம் கொடுக்கிறது. முதல் திருப்பத்தில் போடும் டால்ஃபின் கிக்குகளை, அதாவது இரண்டு கால்களையும் சேர்த்து அடிக்கும் உதைகளை, களைத்துப்போன மூன்றாவது திருப்பத்திலும் போடுகிறீர்களா? ஐந்து மணிக்கு எழுந்து போக இந்த மாதிரி ஒரு சின்ன வேலை போதும். 25 மீட்டர் குளத்தில் நீந்திய நேரத்தை 50 மீட்டர் குளத்து நேரத்தோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். சின்னக் குளத்தில் திருப்பங்கள் அதிகம், நேரம் குறைவாகத்தான் வரும்.

பிளஸ் டூவில் பயிற்சி நாட்களைக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விட்டுவிடாதீர்கள். பரீட்சை முடிந்தும் மனசு வரவில்லையென்றால் அப்போது நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. அதுவரை அந்த 2:30ஐ அப்பாவிடமும் கோச்சிடமும் சொல்லி வையுங்கள்.