ஊசிமுனைச் சிகிச்சை: யாருக்குச் சரி, யாருக்குச் சரிவராது?

மைக்ரோநீட்லிங் என்கிற ஊசிமுனைச் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பரு எல்லாம் காய்ந்துவிட்டது டொக்டர். கன்னத்தில் குழிகள் மட்டும் நிற்கின்றன. மைக்ரோநீட்லிங் செய்தால் போகுமா? (ஹட்டன்)

குறையும். அடியோடு போகாது. நுண்ணிய ஊசிகள் தோலில் நெருக்கமாகத் துளை போடும். அந்தக் காயத்தை ஆற்ற உடல் புதிதாகக் கொலாஜன், அதாவது தோலைத் தாங்கி நிற்கும் புரதம், சுரக்கும். அது குழியை உள்ளிருந்து தூக்கிக் கொடுக்கும். கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் மட்டமாகிவிடுகிற அகலக் குழி என்றால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். ஒடுங்கி, ஆழமாக இறங்கிய குழி இதற்கு அவ்வளவாக அசையாது. அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது.

பொதுவாக 4 முதல் 6 வார இடைவெளியில் 3 முதல் 6 தடவை செய்வார்கள். பலன் தெரிய மாதக்கணக்காகும். சூடு இல்லாத சிகிச்சை என்பதால், நம்முடைய நிறத்துக்கு லேசரைவிடக் கருமை விழும் பயம் குறைவு. குறைவுதான், இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுப் பரு கிளம்பியிருக்கும்போது செய்யக்கூடாது. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்லைனில் 1.5 மில்லிமீற்றர் டேர்மா ரோலர் (ஊசி பதித்த உருளை) வாங்கினேன். நானும் தங்கச்சியும் வாரம் ஒருமுறை உருட்டிவிட்டு விற்றமின் சி சீரம் பூசுகிறோம். முகம் எரிகிறது. பழகிவிடுமா? (தலவாக்கலை)

இன்றைக்கே நிறுத்துங்கள், இரண்டு பேரும்.

1.5 மில்லிமீற்றர் என்பது இரத்தம் கசிகிற ஆழம். கிளினிக்கில், மரத்துப்போகும் கிறீம் பூசி, கிருமி நீக்கிய ஊசியால் செய்கிற வேலை அது. வீட்டுக்கென்று விற்கிற ரோலர் 0.2, 0.3 மில்லிமீற்றர்தான், அது குழியை நிரப்பாது. ஒரே ரோலரை இருவர் பாவிப்பது இன்னும் மோசம். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் இரத்தத்தில் பரவுகிறவை, அக்கா தங்கச்சி என்று பார்ப்பதில்லை. ஸ்பிரிட்டில் முக்கி எடுப்பது போதாது. இரண்டு பேரும் டொக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தால் அந்த ரோலரைப் பாருங்கள். சில முனைகள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும். வளைந்த ஊசி குத்தாது, கிழிக்கும். அப்புறம் அந்த சீரம்: தோலின் மேலே பூசத் தயாரித்ததைத் துளை வழியாக உள்ளே இறக்கினால் ஒவ்வாமைக் கட்டிகள் வரலாம், அப்படி வந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவு இருக்கிறது. இப்போதைக்கு மென்மையான சோப்பு, வாசனையில்லாத வாஸ்லின், பகலில் சன்ஸ்கிறீன், அவ்வளவுதான். கட்டியோ சீழோ தெரிந்தால் தாமதிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர். கொழும்பில் மைக்ரோநீட்லிங் செய்யக் காசு சேர்த்திருக்கிறேன். (மஸ்கெலியா)

அந்தக் காசை இப்போது தொடாதீர்கள், மகள். மங்குக்கு மருந்தோடு சேர்த்து ஊசி ஓட்டுகிறவர்கள் உண்டுதான். ஆனால் செய்த கையோடு அம்மா மலைக்குப் போவார். வெயில் பட்டதும் மங்கு திரும்பும், சிலருக்கு முன்னைவிடக் கறுப்பாக.

மேலே ஏற ஏற, 1000 மீற்றருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். நுவரெலியா 1868 மீற்றர். குளிர்வதால் வெயில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மேகமும் மூடுபனியும் கதிரை முழுதாக மறைப்பதில்லை. ஆகவே காசை சன்ஸ்கிறீனில் போடுங்கள். எஸ்.பி.எஃப். 30க்கு மேல், தோல் நிறம் கலந்தது நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும். காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) முன் ஒரு தடவை, பகல் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தடவை. முகத்துக்கு நிழல் விழுகிற மாதிரித் தலையில் ஏதாவது இருக்கட்டும்.

நெற்றியில் பட்டை போலக் கறுத்திருந்தால் அது கூடைக் கயிறு உரசியதாக இருக்கலாம். ஊசிக்கு அங்கே வேலையில்லை, துணியைத் தடிப்பாக மடித்து வைத்தால் போதும்.

இன்னொன்று, அம்மா என்ன கிறீம் பூசுகிறார் என்று பாருங்கள். லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசமோ ஸ்டீரொய்டோ இருக்கலாம். டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் காசில்லாமல் பார்ப்பார்கள்.

பார்லரில் நம்முடைய இரத்தத்தையே எடுத்து, ஊசித் துளை வழியாக முகத்தில் ஏற்றுகிறார்களாம், பாதுகாப்பா? (பண்டாரவளை)

சரியான இடத்தில், டொக்டர் செய்தால் சரி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இப்படிச் செய்துகொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிறுவனம் 2024இல் வெளியிட்டது. செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். ஊசிப் பொதியை உங்கள் கண் முன்னே உடைக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காது குத்திய இடம் புடைத்துத் தடித்துவிட்டது. முகத்தில் செய்யலாமா? (பதுளை)

வேண்டாம். கீலொயிட், அதாவது காயத்தைத் தாண்டிப் புடைத்து வளரும் தழும்பு, வருகிற உடம்புக்குத் தேவையில்லாமல் புதுக் காயம் எதற்கு?

மூன்று வாரத்தில் கல்யாணம். ஒரே ஒரு தடவை செய்தால் பளபளப்பு வருமா? (நுவரெலியா)

சிவப்பு சில நாளில் அடங்கும், பிறகு கொஞ்சம் தோல் உரியும். கொலாஜன் மூன்று வாரத்தில் வந்து நிற்காது. ஏதாவது பிசகிக் கருமை விழுந்தால் அதுதான் ஃபோட்டோவில் இருக்கும். கல்யாணத்துக்கு முன் முகத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். குழியோ தழும்போ இருந்தால் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.