புல்லட்டின் ரிம்மும் டயரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, என் தகப்பனார் 1986-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு சக்கரங்களிலும் 3.25-19 டயர்தான். ரிம்கள் இரண்டும் துருப்பிடித்துவிட்டன; பின்ரிம்மில் வால்வு ஓட்டைக்கு அருகில் மெல்லிய விரிசலும் தெரிகிறது. வேலூரில் ஒரு மெக்கானிக், பின்னால் 18 அங்குல ரிம் போட்டுப் புது வண்டிகளில் வருகிற 120/80-18 டயரை மாட்டலாம் என்கிறார். இன்னொரு கடையில், இருக்கிற 19 அங்குல அளவிலேயே ரிம் வாங்கி டயரை மட்டும் அகலமாகப் போடச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது? (குடியாத்தம் வாசகர்)

பதில்: அந்த விரிசல் விட்ட ரிம்மில் இனி ஒரு நாளும் வண்டியை ஓட்டாதீர்கள். வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னாலும் இணங்க வேண்டாம்.

டயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ரிம்மின் உள் அகலம் தெரிய வேண்டும். பெரும்பாலோர் டயரின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் ரிம்மில் துருவைத் தேய்த்துப் பார்த்தால் டபிள்யூ.எம்.2 என்று பொறித்திருக்கும். அதன் பொருள், டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் ஒரு பக்கச் சுவரின் உள்முகத்திலிருந்து மறுபக்கச் சுவரின் உள்முகம் வரை 1.85 அங்குலம், அதாவது 47 மில்லிமீட்டர். டபிள்யூ.எம்.1 என்றால் 1.60 அங்குலம், டபிள்யூ.எம்.3 என்றால் 2.15 அங்குலம். எழுத்து அழிந்திருந்தால் டயரைக் கழற்றிவிட்டு அளந்துகொள்ளுங்கள். ஆனால் ரிம்மின் வெளி ஓரங்களை அளந்தால் பத்து மில்லிமீட்டருக்கும் மேல் கூடுதலாகக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

இனி உயரம். 3.25-19 என்பதில் 3.25 டயரின் அகலம், 19 ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். பழைய அங்குல அளவு டயர்களில் அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமம் என்பதால், 19 அங்குலத்துக்கு 482.6 மில்லிமீட்டர், மேலும் கீழும் 82.5 என்று கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 648 மில்லிமீட்டர் வருகிறது. 120/80-18 என்பதில் அகலம் 120 மில்லிமீட்டர், உயரம் அதில் 80 சதவீதமான 96 மில்லிமீட்டர், ரிம் 18 அங்குலம், கூட்டினால் 649. ஆகவே, 18 அங்குல ரிம் போட்டால் வண்டி தாழ்ந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது இந்த டயருக்குப் பொருந்தாது. உங்கள் மெக்கானிக் உயரக் கணக்கில் தவறவில்லை.

சிக்கல் அகலத்தில்தான் இருக்கிறது. 120/80 டயருக்கு 2.50 முதல் 3.00 அங்குலம் வரை உள் அகலமுள்ள ரிம் வேண்டும். அதைக் குறுகலான ரிம்மில் ஏற்றினால், இரு பக்கச் சுவர்களும் உள்ளே இழுக்கப்பட்டு, தரையில் படியும் நடுப்பகுதி முகடுபோலக் கூர்ந்துவிடும். தரையைத் தொடும் பரப்பு குறையும். பிடிமானம் கூடுவதற்காகச் செய்த வேலை அதற்கு நேர்மாறாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நானே என் 350-இன் பழைய ரிம்மில் அகலமான டயர் ஒன்றை ஏற்றினேன். வாலாஜா வரை நேர்ச்சாலையில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதுதான், சாய்க்கத் தொடங்கியதும் வண்டி கையை மீறி விழப்போவதுபோலச் சாய்ந்தது. நிமிர்த்தும்போது பின்பக்கம் நெளிந்தது. பின்னால் என் மனைவி அமர்ந்திருந்தார். அன்று இறங்கி முடித்தபோது எனக்கிருந்த நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

சரியான அகலமுள்ள 18 அங்குல ரிம்மையே வாங்கினாலும் இடம் போதாது என்ற கவலை இருக்கிறது. உங்கள் டயரைவிட 120 மில்லிமீட்டர் டயர் பக்கத்துக்குப் பக்கம் சுமார் 19 மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே வரும். செயின் கவர், மட்கார்டின் தாங்கு கம்பி, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றுக்கும் டயருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை இருவர் ஏறி அமர்ந்த நிலையில் அளந்து பாருங்கள்.

என் பரிந்துரை இது: இரண்டு சக்கரங்களுக்கும் டபிள்யூ.எம்.2-19 ரிம்மே வாங்குங்கள். முன்னால் கோடு கோடாகப் பள்ளமுள்ள 3.25-19 டயர் இருக்கட்டும். பின்னால் கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் கட்டை வடிவப் பள்ளமுள்ள 3.50-19 போடலாம், பழைய புல்லட் 500-இல் முன்னால் 3.25-உம் பின்னால் 3.50-உம்தான் வந்தன, 1.85 அங்குல ரிம்மிலும் அது முறையாக உட்காரும். 3.25 கிடைக்காத நேரத்தில் 90/90-19 போடலாம். அதற்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச ரிம் அகலமே 1.85 அங்குலம்தான். ஆனால் 100/90-19 டயருக்கு 2.15 அங்குல ரிம்மாவது வேண்டும் என்பதால், அதை உங்கள் ரிம்மில் ஏற்ற வேண்டாம்.

பழைய சக்கரத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் ஓரத்தில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்து, அங்கிருந்து ரிம்மின் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு தெரியாமல் ஸ்போக் கட்டினால் ரிம் நடுவில் நிற்காமல், முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாமல் போகும். கோட்டம் எடுப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் பிறகு ஊகத்தில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். புது ரிம்மில் 40 ஓட்டைகள் இருப்பது மட்டும் போதாது; அவை உங்கள் ஹப்பை நோக்கிச் சரியான சாய்வில் குத்தப்பட்டிருக்கின்றனவா என்பதையும் ஒரு ஸ்போக்கைச் செருகிப் பாருங்கள், ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் அருகே கம்பி வளையக்கூடாது. புது ரிம்முக்குப் பழைய ஸ்போக்குகளைப் பயன்படுத்த வேண்டாம். கட்டி முடித்து ஐநூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஒரு முறை ஸ்போக்குகளைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்தவற்றை முறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் 16 அங்குலச் சக்கரமுள்ள பழைய ஜாவா 250 இருக்கிறது. 2018-இல் வந்த புது ஜாவாவின் டயர்கள் இதற்குப் பொருந்துமா? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: பொருந்தாது. புது ஜாவாவில் முன்னால் 90/90-18, பின்னால் 120/80-17. அகலத்தை மில்லிமீட்டரில் எழுதினாலும் கடைசி எண் ரிம்மின் விட்டத்தை அங்குலத்தில் சொல்வதுதான். உங்களுக்கு அது 16 ஆக இருந்தே தீர வேண்டும்.

கேள்வி: பழைய வண்டிகளுக்கான அளவுகள் குறைவாகவே விற்பதால், கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தந்துவிடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? (ஆற்காடு வாசகர்)

பதில்: டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. நம் பக்கத்து வெயிலில் ரப்பர் வேகமாக இறுகுகிறது. கடை வாசலில் கம்பியில் தொங்கவிட்டிருக்கும் டயரை, எண் புதிதாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கும்போது மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டயர் வாங்கும்போதே டியூபும், ஸ்போக் முனைகளிலிருந்து டியூபைக் காக்கும் ரிம் பட்டையும் புதிதாக வாங்குங்கள். மாட்டும்போது டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையை நோக்கி இருக்கிறதா என்று அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.