பினாயிலை ஒதுக்கிவையுங்கள்

பர்கூர் நண்பருக்கு, கழிக்கவென்று வைத்த தட்டில் மண் இருந்தும் உங்கள் ஆண் பூனை பாயிலும் சோபாவிலும் சிறுநீர் கழிக்கிறது என்கிறீர்கள். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறதா, குறியை ஓயாமல் நக்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடம்பில் கோளாறில்லை என்றால், என் சந்தேகம் நீங்கள் தட்டைக் கழுவும் பினாயில் மீதுதான். நமக்குச் சுத்தமாகத் தோன்றும் வாடை அதற்கு ஆகாது. பீனால் என்ற வேதிப்பொருள் கலந்ததென்றால் நஞ்சும்கூட. சோப்பும் வெந்நீரும் போதும். பாயை, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து வெயிலில் போடுங்கள். தட்டை வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். அந்த அதிர்வில் எந்தப் பூனை நிம்மதியாக உட்காரும்? அடித்தால் இன்னும் மறைவாகப் போகும், அவ்வளவுதான்.