லினக்ஸில் ஃபார்மட் பண்ணாமல் பார்டிஷன் செட்டிங்கை மாற்றுவது: கேள்வி பதில்

கும்பகோணம், ஸ்டுடியோக்காரர்: அண்ணே, கல்யாணப் படங்களுக்காக 4 டிபி டிஸ்க் வாங்கி எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் போட்டேன். 200 ஜிபி போலக் கணக்கில் உதைக்கிறது.

டிஸ்க்கில்தான் இருக்கிறது தம்பி. எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று (சிஸ்டத்தின் தலைமைப் பயனர்) ஒதுக்கிவிடும். சிஸ்டம் இருக்கும் பார்டிஷனில் அது வேண்டும், கை வைக்காதீர்கள். படம் மட்டும் கிடக்கும் டிஸ்க்குக்கு அவ்வளவு எதற்கு? ஃபைல் சிஸ்டம் செட்டிங்கை மாற்றும் டியூன்2எஃப்எஸ் கட்டளையில் '-எம் 1' (1 சதவீத ஒதுக்கீடு) கொடுங்கள். 160 ஜிபி உடனே கைக்கு வரும். டிஸ்க் மவுன்ட்டில் (சிஸ்டத்தோடு இணைந்து) இருக்கும்போதே செய்யலாம், படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

மன்னார்குடி, கல்லூரி மாணவி: பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்தால், 2038 வரைதான் தேதி தாங்கும் என்று கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எச்சரிக்கிறது சார். அழிக்காமல் சரிசெய்ய முடியுமா?

முடியும் அம்மா, ஆனால் மேலே சொன்னது போல லேசான வேலை இல்லை. ஒவ்வொரு ஃபைலின் விவரமும் இருக்கும் பதிவுதான் ஐனோட். உங்கள் டிஸ்க்கில் அதன் அளவு 128 பைட். அதில் அடங்கும் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-ஓடு தீர்ந்துவிடும். 256 ஆக்க வேண்டும். அப்போது ஐனோட் டேபிள் பெரிதாகி, பக்கத்தில் இருக்கும் டேட்டா இடம் மாறும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் போனதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துக் கரண்டை நம்பவே நம்பாதீர்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததில் நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள். அப்புறம் அன்மவுன்ட், 'இ2எஃப்எஸ்சிகே -எஃப்' கொடுத்து ஒரு செக், டியூன்2எஃப்எஸ்ஸில் '-ஐ 256', மறுபடி ஒரு செக். அந்த 'ஐ' பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்து போட்டால், எத்தனை நாளுக்கு ஒருமுறை செக் என்ற செட்டிங்தான் மாறும். ஃப்ளெக்ஸ்_பிஜி (ஐனோட் டேபிள்களைச் சேர்த்து வைக்கும்) வசதி இருக்கும் டிஸ்க் என்றால் கட்டளை மறுத்துவிடும். அங்கே காப்பி எடுத்து, புதிதாக ஃபார்மட் செய்வதுதான் வழி.

திருவாரூர்: டேட்டா பார்டிஷனின் யூயூஐடியை (அடையாள எண்ணை) மாற்றினேன். இப்போது பூட் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது.

பூட்டில் மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேபில் பழைய எண் இருக்கும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் புது எண்ணை அங்கே போடுங்கள். கூடவே 'நோஃபெயில்' சேர்த்தால், அந்த டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட் நிற்காது.

நாகப்பட்டினம்: எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருக்கும் பார்டிஷனைப் பாதியாகச் சுருக்க என்ன கட்டளை அண்ணே?

அதைப் பெருக்கலாம், பாதியாகச் சுருக்க வழியில்லை. சுருக்குவதாகச் சொல்லும் எதையும் ஓட்டாதீர்கள். காப்பி எடுத்து, சின்னதாக உருவாக்கி, திரும்பப் போடுங்கள்.