கடைசி அத்தியாயத்தில் பையன் பேச வேண்டுமா?

(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி (வாசகி, தேவகோட்டை): நாவல் ஒன்றை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன், சில அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். பர்மாவுக்கு, வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகப் போய், 1942இல் நடந்தே ஊர் திரும்பிய ஓர் அய்யா. அந்த நடையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவர். தொண்ணூறுகளில் அவருக்கு ஒரு பேரன், ஆட்டிசம், பேச்சு வராது. கடைசியில் அய்யா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழ, பையன் முதல்முறையாக ‘அய்யா’ என்று கூப்பிடுகிறான். படித்தவர்கள் எல்லாரும் அழுதுவிட்டார்கள், என் நாத்தனார் மட்டும் ‘முடிவு சரியில்லை’ என்கிறாள். என்ன சரியில்லை?

பதில்: உங்கள் நாத்தனார் விவரமானவர், அடுத்த நாவலையும் முதலில் அவரிடமே காட்டுங்கள்.

அய்யா பகுதி நன்றாக வந்திருக்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, கப்பலில் இடம் கிடைக்காத சனம் எல்லையோரத் தமு ஊர் வழியாக மணிப்பூருக்கு நடந்ததும், காலராவில் ஆட்கள் வழியிலேயே விழுந்ததும், கூட வந்த அடுத்தாளை, கடையில் முதலாளுக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவரை, தூக்க முடியாமல் அந்தச் சின்னப் பையன் விட்டுவிட்டு வந்ததும், படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கிழவர் தலைமாட்டில் மூன்று சொம்புத் தண்ணீர் வைக்காமல் படுக்க மாட்டார், தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டுக்குள் போய்விடுவார். இந்த மாதிரிப் பாதிப்புக்கு மனநல மருத்துவக் கையேட்டில் பெயர் ஏறியதே 1980இல்தான். வீட்டில் ‘பர்மாவிலிருந்து வந்ததிலிருந்தே அப்படித்தான்’ என்று சொல்லி விட்டிருப்பார்கள், நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒரே ராத்திரி அழுது தீர்த்ததும் எல்லாம் போய்விடுமா? போகாது. அந்த நினைவு வரிசையாகக் கதை மாதிரி வருவதில்லை; ஒரு வாடை, ஒரு சத்தம், துண்டு துண்டாகத்தான் வரும், சொல்லச் சொல்ல, நம்பிக் கேட்க ஆள் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளரும். மூன்று சொம்பு கடைசியில் ஒரு சொம்பாகட்டும், போதும்.

இப்போது பையன். அய்யாவுக்கு நடந்தது கொடுமை, அது ஆற வேண்டும். பேரனுக்கு எந்தக் கொடுமையும் நடக்கவில்லை, பிறவியிலேயே அவன் உலகத்தை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிற பிள்ளை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, தாத்தாவின் கண்ணீரைப் பேரனுக்கு மருந்தாக்கிவிட்டீர்கள். அவன் பேசினால்தான் கதை சுபம் என்றால், முன்னூறு பக்கம் அவனை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொன்னது எதற்கு? நாளைக்கு உங்கள் நாவலைப் படிக்கும், இப்படியொரு பிள்ளையைப் பெற்ற ஓர் ஆத்தா, ‘நாம் இன்னும் சரியாக அழவில்லை போல, அதனால்தான் இவன் பேசவில்லை’ என்று நினைத்துக்கொண்டால்? அவள் ஏற்கெனவே பிள்ளையார்பட்டிக்கும் வைரவன்பட்டிக்கும் நடந்து ஓய்ந்தவள்.

ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற பூவையெல்லாம் எண்ணி அவன் பெருக்கல் கணக்குப் போடுகிற இடத்தையும் எடுத்துவிடுங்கள். ஆட்டிசம் என்றாலே கணக்கில் புலி என்பது சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டது. குளுமையாக இருக்கிறது என்று தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறானே, அந்த இடம் அழகு.

பேச்சு வராவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. படத்தைக் காட்டி, எழுத்துப் பலகையில் தொட்டு, கையைப் பிடித்து இழுத்து எத்தனையோ பிள்ளைகள் சொல்கிறார்கள். கதை நடக்கிற காலத்தில் வீட்டுக்கு என்ன வழி இருந்தது என்றும் பாருங்கள்: 1995 மாற்றுத்திறனாளர் சட்டப் பட்டியலில் ஆட்டிசமே கிடையாது, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, 2016 சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றானது. கதையில் பையனின் ஆத்தா சான்றிதழுக்கு அலைந்து வெறுங்கையோடு திரும்புவது ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும்.

முடிவுக்கு என் யோசனை ஒன்று. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருக்கும்போது, கூச்சல் தாங்காமல் பையன் காதைப் பொத்திக்கொண்டு இரண்டாங்கட்டுக்கு ஓடுகிறான். அங்கே ஏற்கெனவே அய்யா உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் பேச வேண்டாம். வெளியே யாராவது ‘பையனைக் கூட்டிட்டு வாங்க’ என்று கத்தும்போது, அய்யா ‘அவன் இங்கதான் இருப்பான்’ என்று சொல்லட்டும். வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலை உயர்த்தி.

கேள்வி (வாசகர், பள்ளத்தூர்): இந்த மாதிரி நாவல் படித்தால் எனக்குப் பழசெல்லாம் கிளம்பி, நாலு நாள் தூக்கம் போய்விடுகிறது. படிக்காமலே விட்டுவிடவா?

பதில்: புத்தகத்தை மூடிவைப்பதில் ஒரு தப்பும் இல்லை, பாதியில் விடுவதற்கு யாரும் அபராதம் போடப்போவதில்லை. ஆனால் தூக்கம் போவது புத்தகத்தோடு முடிகிற விஷயமாகத் தெரியவில்லை. டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது, 14416, 2022இலிருந்து நடக்கிறது, தமிழிலேயே பேசலாம். கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேள்வி (வாசகி, கானாடுகாத்தான்): வீட்டு விஷயத்தைக் கதையாக எழுதினேன். பங்காளிகள் கோபித்துக்கொள்கிறார்கள்.

பதில்: உயிரோடு இருப்பவர்களின் பெயர், விலாசம், அடையாளத்தை மாற்றிவிட்டீர்களா? அப்படியானால் கோபம் தணியட்டும். அடுத்த கல்யாணத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள், காசு வாங்கிக்கொண்டு.