வீட்டை அடமானம் வைக்கும் முன்

போன சனிக்கிழமை பந்திங்கில் என்னைப் பார்க்க வந்த அம்மாவுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் அழுததைப் பார்த்து, "கவலைப்படாதீங்க, நல்லதே நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது.

தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கிடைத்த நஷ்டஈட்டில் வாங்கிய வீட்டை அடமானம் வைத்து, மகளை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கலாம் என்கிறார் உங்கள் அண்ணன். வைக்காதீர்கள். ஏஜெண்டு சொன்ன மூன்று லட்சம் ரிங்கிட் வெறும் ஆரம்பம்தான். 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலை 26 அன்று அவர்களே வார்டை விட்டு வெளியே வந்து நின்றார்கள். ஆசைப்பட்டுப் படித்தவர்களின் நிலையே இது. உங்கள் மகளோ, ரத்தம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண்.

அவள் என்னிடம் பேசியது வேறு. சென்னைக்குப் போனபோது கே.எல்.ஐ.ஏ.வில், அதாவது கோலாலம்பூர் விமான நிலையத்தில், ஓர் அக்கா திரையைப் பார்த்தே பாட்டியின் பைக்குள் பாக்குவெட்டி இருப்பதைச் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் அவள் ஆசைப்படுகிறாள். மாமா அதை "ஜாகா வேலை", காவல்காரர் வேலை என்கிறார். ஜாகா இல்லை, அம்மா. அது அவ்செக், விமானப் பாதுகாப்புப் பணி. ஸ்கேன் இயந்திரம் துணி, உணவு, வெடிமருந்து போன்றவற்றை ஆரஞ்சு நிறத்திலும், உலோகத்தை நீலத்திலும், இரண்டும் கலந்ததைப் பச்சையிலும் காட்டும். படுக்கை வாட்டில் கிடக்கும் துப்பாக்கி மேலிருந்து பார்த்தால் தெரியும். நிமிர்த்தி வைத்தால் அது ஒரு கோடுதான். அந்தக் கோட்டைச் சில நொடிகளில் பிடிக்க வேண்டும். கவனம் தளரக் கூடாது என்பதற்காக, இல்லாத ஆயுதத்தின் படத்தை நிஜப் பைக்குள் இருப்பது போல் இயந்திரமே இடையிடையே காட்டிச் சோதிக்கும் முறையும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கக் கூடாது. கண் அவ்வளவு களைத்துவிடும். இந்த வேலை செய்பவர்கள் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. பெண் பயணிகளைத் தொட்டுச் சோதிக்கப் பெண்களே வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஷிப்டுக்கும் பெண்கள் தேவை.

மாமாவின் இன்னொரு வாதம்: "அமெரிக்காவிலேயே இதைத் தனியாருக்குக் கொடுக்கணும்னு பேசுறாங்க, இங்கயும் குத்தகைக்காரன் கைக்குப் போயிடும்." இந்தப் பயம் நியாயமானது. அமெரிக்காவில் 2001 வரை தனியார் நிறுவனங்கள்தான் சோதனை செய்தன. விமான நிறுவனங்கள் குறைந்த விலைக்குக் குத்தகை விட்டன, ஊழியர்களுக்குச் சம்பளம் துரித உணவுக் கடை அளவுக்கும் வரவில்லை. 1998-99இல் 19 பெரிய விமான நிலையங்களில் ஓராண்டில் வேலையை விட்டுப் போனவர்கள் சராசரி 126 விழுக்காடு. நூறு நாற்காலிக்கு 126 பேர் எழுந்து போனார்கள்! செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகுதான் அரசு அதை எடுத்துக்கொண்டது.

ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் இன்றும் தனியார் நிறுவனம்தான் சோதிக்கிறது. அரசு ஊழியருக்குக் குறையாத சம்பளமும் சலுகையும் தர வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. 2018-19இல் அரசு 35 நாள் முடங்கியபோது அரசு சோதனையாளர்கள் சம்பளமின்றி வேலைக்கு வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் சம்பளம் நிற்கவில்லை. ஆகவே முதலாளி அரசா தனியாரா என்பதைவிட, சம்பளத்துக்குக் கீழ்வரம்பு உண்டா, பயிற்சி உண்டா என்பதைத்தான் நான் கேட்பேன். நம் விமான நிலையங்களை நடத்தும் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனமே 2025இல் பங்குச்சந்தையிலிருந்து விலகி முதலீட்டாளர்களின் கூட்டமைப்பு ஒன்றின் கைக்குப் போனது. அதில் அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவுக்கு 40 விழுக்காடு, தொழிலாளர் சேமநிதியான இ.பி.எஃப்.க்கு 30 விழுக்காடு. உங்கள் சேமிப்பும் அங்கே இருக்கிறது.

சரி, நேர்காணலுக்குப் போகும்போது நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விமான நிலைய நிறுவனத்தின் பெயரா, ஆள் பிடித்துக் கொடுக்கும் குத்தகை நிறுவனமா? அடிப்படைச் சம்பளத்தையும் ஓவர்டைமையும் பிரித்துக் கேளுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓவர்டைமுக்கு இ.பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், அதனால் "எல்லாம் சேர்த்து மூவாயிரம் வரும்" என்ற பேச்சில் மயங்காதீர்கள். பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது என்றும் கேளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று எவர் பணம் கேட்டாலும் ஒரு சென் கொடுக்காதீர்கள்.

இரவு ஷிப்ட் உண்டு, தீபாவளியன்றும் வேலை உண்டு. இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவள் வேண்டும் என்றால், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழோடு அடுத்த சனிக்கிழமை அவளை அனுப்புங்கள். விண்ணப்பத்தை இருவரும் உட்கார்ந்து எழுதுகிறோம். அடமானப் பத்திரத்தில் அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.